கோஸ்ட்ஃபேஸ் கில்லாவின் தனி ஆல்பங்கள்: பல வருடம் கேட்டபின் என் வரிசை

அமெரிக்க ராப்பர் கோஸ்ட்ஃபேஸ் கில்லாவின் ஆல்பங்களில் என் முதல் இடம் ஃபிஷ்ஸ்கேலுக்கு. சுப்ரீம் க்ளையன்டெல் இருக்கும்போது அதெப்படி என்று ரசிகர்களில் பாதிப் பேர் இங்கேயே சண்டைக்கு வருவார்கள். வரட்டும். எது வரலாற்றை மாற்றியது, விமர்சகர்கள் எதைக் கொண்டாடினார்கள் என்ற கணக்கெல்லாம் இந்த வரிசையில் இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய பிறகும், எதைப் போட்டால் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன் என்பதுதான் அளவுகோல்.

அவருடைய நியூயார்க் ராப் குழுவான வூ-டாங் க்ளானின் ஒன்பது பேரில் பீட்டுக்கு, அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசைக்கு, ரிஸா, வார்த்தைக் கூர்மைக்கு ஜிஸா என்றால் உணர்ச்சிக்கு கோஸ்ட்ஃபேஸ். குரல் எப்போதும் ஒரு படி ஏறியே நிற்கும்; மிரட்டுகிறாரா, அழப்போகிறாரா என்று சட்டெனச் சொல்ல முடியாது. அந்தக் குரலுக்குப் பின்னால் 60, 70-களின் சோல் பாட்டு (கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான பாட்டு வகை) ஒன்று உருகிக்கொண்டிருந்தால் அவரை அசைக்க ஆளில்லை. ரேடியோவுக்கென்றே செய்த வழவழப்பான பீட்டைக் கொடுத்தால் பாதி ஆளாகிவிடுவார். என் வரிசையில் மேலே ஏறியவையும் கீழே இறங்கியவையும் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

ஃபிஷ்ஸ்கேல் வந்தது 2006 மார்ச்சில். அதில் ரிஸாவின் பீட் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் பீட் போட்டவர்கள் எம்எஃப் டூம், பீட் ராக், ஜஸ்ட் ப்ளேஸ், ஜே டில்லா. டில்லா அதற்கு முந்தைய மாதம்தான் இறந்திருந்தார். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வெளியான அவருடைய டோனட்ஸ் ஆல்பத்தில் 'ஒன் ஃபார் கோஸ்ட்' என்று ஒரு பீட் உண்டு. அதே பீட்டின் மேல்தான் இங்கே கோஸ்ட்ஃபேஸ் சின்ன வயதில் வாங்கிய அடியைப் பற்றிப் பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

ஆனால் இந்த ஆல்பத்தை முதலிடத்தில் உட்காரவைப்பது 'ஷேக்கி டாக்'. இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் புகுந்து கொள்ளையடிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. அவர் ஆரம்பிப்பதோ டாக்ஸிக் கட்டணத்தில்: 60 டாலர், போகிற வழியில் டோல் தனி. வண்டிக்குள் மீன் வாடை. ஃப்ரைஸ் மேல் கெச்சப். முன்சீட் நெருக்கிக் கால் விறைத்துப்போகிறது. போட்டிருக்கும் ஷூவில் சாஸ் சிந்திவிடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி தூக்கப்போகிறவனுக்கு ஷூ அழுக்கான எரிச்சல்! இந்தச் சில்லறை விஷயங்களால்தான் பின்னால் வரும் ரத்தம் நிஜமாகத் தெரிகிறது. கோரஸ் கிடையாது, மூச்சு வாங்க இடம் கிடையாது. கதை உச்சத்துக்குப் போனதும் 'தொடரும்' என்று சொல்லி நிறுத்திவிடுவார். ராப்பில் கதை சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. சாஸ் கறையைக் கவனிப்பவர் குறைவு.

குறையும் இருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவில் வரும் ஸ்கிட்டுகள், அதாவது குட்டி நாடகப் பேச்சுகள், முதல் சில முறைதான் சிரிப்பு, அப்புறம் தாண்டத்தான் கை போகும். பாடகர் நீ-யோவுடன் பாடிய 'பேக் லைக் தட்' வெளியே பிரபலமானது, ஆல்பத்துக்குள் ஒட்டவில்லை.

இரண்டாவது, சுப்ரீம் க்ளையன்டெல், 2000. பெனின் நாட்டுக்குப் போயிருந்தபோது இதற்கான வரிகள் சிலவற்றை எழுதியிருக்கிறார். வார்த்தை விளையாட்டில் இதற்கு மேல் அவர் போகவே இல்லை. 'நட்மெக்', 'மைட்டி ஹெல்தி' எல்லாம் ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் வரிக்கு வரி பிடிபடாது. அர்த்தம் தேடி உட்கார்ந்தால் தலைவலிதான். சத்தத்தின் போக்கில் விட்டுவிட்டால் படம் படமாக ஓடும். ஹெட்ஃபோனில் கேட்க இதுதான் முதலிடம். 'அப்போலோ கிட்ஸ்' பாட்டின் அந்த இசை எத்தனை வருடமானாலும் பழசாகப்போவதில்லை. பிறகு ஏன் இரண்டாவது? அசந்துபோகிறேன், ஆனால் மனம் கனப்பது ஃபிஷ்ஸ்கேல் கேட்கும்போதுதான்.

அப்படிப் பார்த்தால் 'ஆல் தட் ஐ காட் இஸ் யூ' ஒன்றுக்காகவே 1996-இன் அயர்ன்மேனை மேலே தூக்க வேண்டும். மேரி ஜே. ப்ளைஜ் பாட, ஜாக்சன் 5-இன் பழைய பாட்டு ஒன்று பின்னால் ஓட, தன் சிறுவயதைச் சொல்கிறார். மூன்று படுக்கையறை வீட்டில் பதினைந்து பேர். சீரியல் டப்பாவுக்குள்ளிருந்து கரப்பானைப் பொறுக்கி எடுப்பது. தசைச் சிதைவு நோயோடு இரண்டு சகோதரர்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மா விரலில் எச்சில் தொட்டு அவர் கண்ணில் இருக்கும் பீளையைத் துடைத்துவிடுவது. மாஃபியா டான்போல வேஷம் போட்டுத் திரிந்த ஒருவர், முதல் தனி ஆல்பத்திலேயே இதைப் பாட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இருந்தும் மூன்றாவது இடம்தான். வூ-டாங் கூட்டாளிகள் ரேக்வானும் கேப்படோனாவும் அட்டையிலேயே கூட நிற்கிறார்கள். பாட்டுகளிலும் அப்படித்தான், பல இடங்களில் இது மூவரின் ஆல்பம். பழைய காதலியை வசைபாடும் 'வைல்ட்ஃப்ளவர்' இப்போதெல்லாம் எனக்குக் கேட்கவே பிடிப்பதில்லை.

நான்காவது, 2004-இன் த ப்ரெட்டி டோனி ஆல்பம். 'ஹாலா' பாட்டில் டெல்ஃபானிக்ஸ் என்ற பழைய சோல் குழுவின் காதல் பாட்டை வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. குரலோடு அப்படியே ஓடவிட்டு, அவர்கள் பாடுவதற்கு மேலேயே கத்துகிறார். ஓடும் பஸ்ஸில் பாட்டைப் போட்டுவிட்டு ஓட்டுநரே உரக்கப் பாடுவது மாதிரி இருக்கும். அபத்தம்தான், ஆனால் அற்புதம். போலீஸிடமிருந்து தப்பி ஓடும் 'ரன்' ரிஸாவின் பீட்; ஓடிக்கொண்டே பாடுகிறாரோ என்று தோன்றும்.

ஐந்தாவது, ட்வெல்வ் ரீஸன்ஸ் டு டை, 2013. ஏட்ரியன் யங் இசையமைத்த முழுநீளக் கதை. அடியாள் ஒருவனைக் கொன்று, உருகிய வினைலில் போட்டு, பன்னிரண்டு இசைத்தட்டுகளாக அச்சடிக்கிறார்கள். தட்டு சுழன்றால் ஆவி பழிவாங்க வருகிறது. காமிக்ஸ் கதைதான், ஆனால் பழைய இத்தாலியத் திகில் படங்களின் சாயலில் நிஜ வாத்தியங்கள் ஒலிக்க, மனிதர் புது உயிர் பெற்றுவிட்டார். 2015-இல் வந்த இரண்டாம் பாகம் பரவாயில்லை ரகம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-இன் புல்லட்ப்ரூஃப் வாலட்ஸ் நல்ல ஆல்பம், ஆனால் சாம்பிள் (பழைய பாட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் துண்டு) உரிமைச் சிக்கலில் 'த சன்' போன்ற அருமையான பாட்டு விடுபட்டுப்போனது. தேடிப் பிடித்து அதையும் சேர்த்துக் கேட்டால் ஒரு இடம் ஏறும். அந்தப் பழைய பாட்டின் பெயரிலேயே வந்த 2010-இன் அப்போலோ கிட்ஸ் ஆல்பம் சின்னது, சுத்தமானது, குறைவாகப் பேசப்படுவது. 2007-இன் த பிக் டோ ரீஹேப் எப்போதாவது. 2009-இன் கோஸ்ட்டினி முழுக்க ஆர் அண்ட் பி, அதாவது வழவழப்பான காதல் பாட்டு பாணி. அதுதான் கடைசி இடம்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ப்ரெட்டி டோனியில் ஆரம்பித்து ஃபிஷ்ஸ்கேலுக்குப் போங்கள். சுப்ரீம் க்ளையன்டெல்லை அந்தக் குரல் பழகிய பிறகு எடுத்தால் போதும்.

2025 ஆகஸ்டில் சுப்ரீம் க்ளையன்டெல் 2 வந்தது. முதல் பாகத்துக்கு இருபத்தைந்து வருடம் கழித்து, ஐம்பத்தைந்து வயதில். பெயரைப் பார்த்துப் பயந்துகொண்டேதான் போட்டேன். குரலில் அந்த ஏற்றம் இன்னும் இருக்கிறது. ஸ்கிட்டுகளும் இருக்கின்றன, வழக்கம்போல அதிகமாகவே. இப்போதைக்கு ஆறாவது. புல்லட்ப்ரூஃப் வாலட்ஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.