ஒன்பதாவது வருடமாக இன்டெம்னிட்டி பாலிசி: ஒரு ஸ்டாஃப் நர்ஸின் அனுபவம்

வேலையில் தவறு நடந்துவிட்டது என்று யாராவது நம்மேல் இழப்பீடு கேட்டால், அதையும் வக்கீல் செலவையும் ஏற்றுக்கொள்ளும் காப்பீடுதான் இன்டெம்னிட்டி பாலிசி. 2022 ஆகஸ்டில் ஒரு மதியம், பெரம்பூரில் அம்மா வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எதிர்தரப்பில் முதலில் மருத்துவமனை, அடுத்து சிகிச்சை பார்த்த டாக்டர், மூன்றாவதாக நான். 14 மாதம் முன்னால் நடந்த விஷயம். அந்த மருத்துவமனையை விட்டு நான் விலகியே ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கு நைட் டியூட்டி. வார்டில் 22 நோயாளிகள், நாங்கள் இரண்டு ஸ்டாஃப். அறுபது வயது தாண்டிய அம்மா ஒருவருக்குக் கையில் இருந்த வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றப் போடும் சின்னக் குழாய்) வழியாகக் கால்சியம் குளுக்கோனேட் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணி ரவுண்டில் பார்த்தால் மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தது. மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்துவிட்டது. உடனே நிறுத்தினேன், கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தேன், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ஆனாலும் அந்த இடத்தில் தோல் கறுத்து, கடைசியில் தோல் ஒட்டு வைக்கும் வரை போனது. அந்த அம்மா பட்ட வேதனை கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் குடும்பம் நியாயம் கேட்டதில் தவறே கிடையாது.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பழைய மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "நீங்க இப்ப எங்க ஸ்டாஃப் இல்லையேம்மா, எங்க வக்கீல் ஆஸ்பத்திரிக்குத்தான் ஆஜராவார்" என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை எடுத்திருந்த பாலிசி மருத்துவமனையைக் காப்பாற்றத்தான். 'அவங்க பாத்துப்பாங்க' என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கை எனக்கு அன்றைக்கே போய்விட்டது.

என் கையில் இருந்தது 2017 மார்ச்சில், சீனியர் சிஸ்டர் ஒருவர் வற்புறுத்தி எடுக்கவைத்த சொந்த பாலிசி. இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சம்பவம் நடந்த அன்றைக்குப் பாலிசி இருந்தால் மட்டும் போதாது. நம்மேல் கோரிக்கை வரும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். முதல் பாலிசி எடுத்த தேதியை ரெட்ரோஆக்டிவ் தேதி என்பார்கள். இடைவெளி இல்லாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவை எல்லாம் அதில் அடங்கும். விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் அந்தப் பழைய வருடங்கள் போச்சு.

2022 மார்ச்சில் நான் வேலையில் இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தேன். வேலையே இல்லாதபோது எதற்குக் கட்டுவது என்று ஏஜென்ட் அண்ணனிடம் கேட்டேன். "வேலையை விட்டாலும் பழசு உங்களை விடாதும்மா, கட்டிடுங்க" என்றார். வரியெல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்தான். கட்டினேன். ஐந்தாவது மாதம் நோட்டீஸ்.

நோட்டீஸுக்கு நானாகப் பதில் எழுதவில்லை. அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கணும் போல மனசு கிடந்து தவித்தது. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் தவற்றை ஏற்றுக்கொண்டால் கோரிக்கையையே மறுத்துவிடலாம் என்று பாலிசியில் இருக்கிறது. மறுநாளே அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்தேன், அவர்கள் சம்மதத்தோடு ஒரு வக்கீலை வைத்துக்கொண்டேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவானபோதுதான் அதன் அருமை தெரிந்தது. எதிர்தரப்பு பதில் கொடுக்க 30 நாள், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தனியாக இருந்திருந்தால் வக்கீல் தேடுவதிலேயே அது கழிந்திருக்கும்.

2024 கடைசியில் தீர்ப்பு வந்தது. மருத்துவமனை இழப்பீடு கொடுக்க வேண்டும், என்மேல் இருந்த புகார் தள்ளுபடி. காப்பாற்றியது நர்ஸஸ் நோட்ஸில் (நோயாளிக்குச் செய்ததை நேரத்தோடு நாங்கள் எழுதும் பதிவு) நான் எழுதியிருந்த நாலு வரி: 3.10-க்கு வீக்கம், மருந்து நிறுத்தம், டாக்டருக்குத் தகவல், 3.25-க்கு அவர் வந்து பார்த்தது. மறுபடி 4 மணிக்கும் 5 மணிக்கும் கையைப் பார்த்ததை எழுதியிருந்தேன்.

குறைகளும் உண்டு. வக்கீல் செலவு திரும்பிவர ஏழு மாதம் ஆனது. மூன்று முறை அதே ரசீதுகளைக் கேட்டார்கள். நம் பங்காக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். புதுப்பிக்கச் சொல்லி இரண்டு வருடம் நினைவூட்டலே வரவில்லை. அப்புறம் ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு என்று காட்டும் விகிதம்: பாலிசியில் 10 லட்சம் என்று பெரிதாக இருக்கும், அது வருடம் முழுவதற்கும் சேர்த்து. பக்கத்தில் 1:4 என்று போட்டிருந்தால் ஒரு சம்பவத்துக்கு 2.5 லட்சம்தான். வக்கீல் செலவும் அதற்குள்ளேயே. எனக்கு முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது, யாரும் சொல்லவில்லை. ஒரே சம்பவத்துக்கு முழுத் தொகையும் கிடைக்கும் 1:1 தான் நர்ஸுக்குச் சரி என்பேன்.

கிரிமினல் வழக்கில் அபராதம் போட்டால் இந்தப் பாலிசி கட்டாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து வருடம் வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவருக்குச் சிகிச்சையின்போது நேர்ந்தால் இரண்டு வருடம் வரை. அந்த 'மருத்துவர்' என்ற விளக்கத்துக்குள் நர்ஸ் வரவில்லை. ஒரே கட்டில், ஒரே நோயாளி, நமக்கு மட்டும் ஏன் கூடுதல் என்று நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

மாணவிகள் நிறைய பேர் கேட்கிறார்கள். என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம். அவளுக்காக இரண்டு இடத்தில் விசாரித்தேன், இரண்டிலும் நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். அது படிப்பு முடிந்த பிறகுதானே கிடைக்கும்! அதனால் கிளினிக்கல் போஸ்டிங் போகும் மருத்துவமனையின் பாலிசியில் மாணவிகள் சேர்த்தியா என்று கல்லூரியில் எழுத்தில் கேட்கச் சொன்னேன். அவளும் இன்னும் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறோம். கூட ஸ்டாஃப் இல்லாமல் தனியாக ஊசி மருந்து போடாதே என்று மட்டும் தினமும் சொல்லி அனுப்புகிறேன்.

நான் இப்போது டயாலிசிஸ் யூனிட்டில் இருக்கிறேன். வேலை மாறியதை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிற மார்ச்சில் தொகையை 20 லட்சமாக உயர்த்தப் போகிறேன்.