ஆலந்தூர் டிஜிசிஏ கோச்சிங்: கிளாசுக்கு போங்க, ஃபைல மட்டும் குடுத்துடாதீங்க

அமெரிக்கால 250 மணி நேரம் பறந்து அந்த நாட்டு விமானத் துறை எஃப்ஏஏ குடுக்கற சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசன்ஸ் வாங்கிட்டு வந்தேன். வீட்ல பையன் பைலட் ஆயிட்டான்னு தெரு பூரா சொல்லியாச்சு, ஆனா மீனம்பாக்கத்துல வந்து எறங்கினப்போ நான் வெறும் பாசஞ்சர்தான், அத நம்ம நாட்டு விமானத் துறை டிஜிசிஏவோட லைசன்ஸா மாத்தினாதான் இங்க வேலைக்கே அப்ளை பண்ண முடியும். அதுக்காக ஆலந்தூர் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர்ல நாலு மாசம் படிச்சேன். பேரு போடல, கேக்காதீங்க.

இப்படி லைசன்ஸ மாத்த, கன்வர்ஷனுக்கு வர்றவங்களுக்கு ரெண்டு பேப்பர். ஏர் ரெகுலேஷன்ஸ் ஒண்ணு, நேவிகேஷனும் மெட்டியராலஜியும் சேர்ந்த காம்போசிட் ஒண்ணு. 70 சதவீதம் எடுத்தாதான் பாஸ். ரேடியோல பேசறதுக்கான ஆர்டிஆர் லைசன்ஸ் தனி, அது டெலிகாம் டிபார்ட்மென்ட் கையில இருந்துச்சு, 2025ல அமலுக்கு வந்த புது சட்டத்துல டிஜிசிஏ கைக்கு மாறிடுச்சு.

கிளாஸ் ரூம் ஒரு டீக்கடைக்கு மேல் மாடி. ரெண்டு ஏசி, ஒண்ணு ஓடும், ஒண்ணு சொட்டும். மேல்காத்து அடிக்கற மாசங்கள்ல 25ங்கற ரன்வேல லேண்டிங் நடக்கும், சக்கரத்த எறக்கிட்டு வர்ற ஃபிளைட்டெல்லாம் அந்தப் பக்கமாத்தான் போகும், மெட்டியராலஜி எடுக்கற மெட் சார் பாதி வார்த்தைல நிறுத்திடுவாரு, சத்தம் அடங்கினதும் அதே வார்த்தைல இருந்து தொடருவாரு, நாலு மாசத்துல ஒரு தடவ கூட விட்ட எடம் மறந்ததில்ல.

இந்த மனுஷனுக்காகவே ஃபீஸ் கட்டலாம். அமெரிக்கால நான் படிச்சது கோல்ட் ஃப்ரன்ட், டொர்னாடோ. இங்க கேக்கறது வங்காளத்து கோடை இடிமழை கால்பைசாகி, ராஜஸ்தான் பக்கத்து புழுதிப் புயல் ஆந்தி, வடக்குக்கு குளிர்கால மழை கொண்டு வர்ற வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ், ரெண்டு மான்சூன். மொதல் நாளே கேட்டாரு, "தம்பி, ஐப்பசில மொட்டை மாடில நின்னா காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?" வாடைன்னேன். "அப்புறம் என்ன, பாதி சிலபஸ் உங்க பாட்டி சொல்லிக் குடுத்துட்டாங்க"ன்னு போர்டுல வங்காள விரிகுடாவ வரைய ஆரம்பிச்சாரு. அந்தக் காத்து கடல் மேல வந்து ஈரத்த அள்ளிட்டு வருது, அதான் நமக்கு அக்டோபர்ல இருந்து மழை, ஜூன்ல வர்ற காத்து மேற்குத் தொடர்ச்சி மலைல மோதி அந்தப் பக்கமே கொட்டிடுது, அதான் கேரளா நனையும்போது நாம காயறோம். பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ஆனா மேகம் எவ்வளவு ஒசரம், றெக்கைல ஐஸ் பிடிக்கற ஐசிங் எங்க, ஃப்ளைட்ட எப்படித் திருப்பணும்னு சேத்து சொன்னப்போதான் மண்டைல ஏறுச்சு.

காத்தழுத்தத்துக்கு நான் 29.92 இன்ச் பாத்துப் பழகினவன், இங்க 1013 ஹெக்டோபாஸ்கல். அங்க விசிபிலிட்டி மைல் கணக்கு, இங்க மீட்டர். ஆல்டிமீட்டர ஸ்டாண்டர்ட் அழுத்தத்துக்கு மாத்தற ஒசரம், அதான் ட்ரான்சிஷன் ஆல்டிடியூட், அங்க நாடு பூரா 18,000 அடி, இங்க ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் சார்ட்ட பாக்கணும். இதுலயே ரெண்டு மாக் டெஸ்ட் ஊத்திக்கிச்சு. ஆர்டிஆர் ப்ராக்டிஸும் பரவால்ல, மூணுக்கு த்ரீன்னு சொன்னா பெஞ்ச தட்டுவாங்க, ரேடியோல சொல்ற மாதிரி ட்ரீன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டாங்க. ரெகுலேஷன்ஸ் கிளாஸ் சுமார், கொஸ்டின் பேங்க்க ஒப்பிக்கறதுதான், அத வீட்லயே பண்ணலாம்.

இப்போ ஃபைல் கதை. "எல்லா பேப்பர் வேலையும் நாங்களே பாத்துக்கறோம் சார்"னு தனியா 35,000 வாங்கினாங்க. நம்ம ஊரு இனிஷியல் பிரச்சனை தெரியும்ல? டென்த் மார்க் ஷீட்ல இனிஷியலோட என் பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா முழுசா, எஃப்ஏஏ லைசன்ஸ்லயும் அப்படியே. அங்க ஒன்றரை வருஷம் என்னை எல்லாரும் அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, அது பழகிடுச்சு. இங்க டிஜிசிஏ எக்ஸாம் எழுதறவங்களுக்குத் தர்ற கம்ப்யூட்டர் நம்பருக்கு போட்ட அப்ளிகேஷன்ல, இந்த ரெண்டு பேருக்கும் சொந்தக்காரன் ஒரே ஆளான்னு கேள்வி வந்திருக்கு. அந்த நம்பர் இல்லாம எக்ஸாம்லயே உக்கார முடியாது. நான் கேக்கும்போதெல்லாம் "டெல்லில பெண்டிங் சார்". அக்கவுண்ட் அவங்க ஓபன் பண்ணது, ஓடிபி அவங்க நம்பருக்குத்தான் போகுது, நான் எப்படி பாக்கறது? அஞ்சு வாரம் கழிச்சு சண்ட போட்டு பாஸ்வேர்ட் வாங்கி உள்ள போனா பெண்டிங் டெல்லில இல்ல, நம்ம பக்கம்தான், அந்தக் கேள்விக்கு இவங்க பதிலே போடல.

அப்புறம் நானே நோட்டரில அஃபிடவிட் போட்டேன், காலேஜ் ரோடு டிபிஐ கேம்பஸுக்கு, இப்ப அன்பழகனார் வளாகம், ஆனா ஆட்டோக்காரருக்கு இன்னமும் டிபிஐதான், மார்க் ஷீட் வெரிஃபிகேஷனுக்கு அலைஞ்சேன். நம்பர் வந்துச்சு, ஆனா அந்த எக்ஸாம் செஷன் போயிடுச்சு. செஷன் மட்டும் போனா பரவால்ல, லைசன்ஸுக்கு அப்ளை பண்றதுக்கு முந்தின ஆறு மாசத்துக்குள்ள பைலட் இன் கமாண்டா, அதாவது ஃப்ளைட்டுக்கு நாமளே பொறுப்பா, 15 மணி நேரம் பறந்திருக்கணும்னு ரூல், அமெரிக்கால கடைசியா பறந்தது அந்தக் கணக்க தாண்டிடுச்சு. இங்க ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல மணிக்கு இவ்வளவுன்னு குடுத்து திரும்ப பறந்தேன். சுண்டக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே, அஃபிடவிட் செலவு சில நூறு ரூபாதான்.

கேட்டதுக்கு "உங்க பேருல கன்ஃப்யூஷன் சார்"னாங்க. என் பேருலயாம்! 35,000ல பாதியாவது திருப்பிக் கேட்டேன், அடுத்த பேட்ச்சுல தள்ளுபடி தர்றாங்களாம், நான் எதுக்கு அடுத்த பேட்ச்சுக்கு வரணும்?

கிளாசுக்கு நாலு ஸ்டார், ஃபைலுக்கு ஒண்ணு, அதுவும் சைபர் போட முடியாததால. சேர்றவங்க டிஜிசிஏவோட ஆன்லைன் போர்ட்டலான ஈஜிசிஏ அக்கவுண்ட உங்க சொந்த மெயில், சொந்த நம்பர்ல நீங்களே ஓபன் பண்ணுங்க. மெட் சார் செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் வருவாரு, பணம் கட்டறதுக்கு முன்னாடி அவரு இன்னும் அங்கதான் இருக்காரான்னு கேட்டுக்கோங்க.