52 ஆயிரத்துக்கு வருகிறதாம் என் மர லேத்

பெங்களூரு பீன்யா பக்கம் நான் வாங்கிய அதே 12 இன்ச், 1 ஹெச்பி மர லேத், அதாவது கட்டையைச் சுழற்றிக் கடைகிற மெஷின், இப்போது 52 ஆயிரமாம். அல்சூர் நண்பர் போட்டோ அனுப்பி, "எவ்வளவுக்கு முடிக்கலாம்ணே?" என்று கேட்கிறார். 60-இல் ஆரம்பித்து 55-க்கு முடித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 64,900 அழுதேன். வயிறு எரியத்தான் செய்கிறது. இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேரத்தைக் கன்னடத்தில்தான் தொடங்கினேன். என் கன்னடத்தைக் கேட்டதும் கடைக்காரர் "நமக்கு எந்த ஊரு?" என்றார். அவருக்குத் தருமபுரி, எனக்குச் சேலம். காபி வந்தது, ஊர்ப் பாசத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. மறுநாளே முழுப் பணத்தையும் அக்கவுண்டில் போடுகிறேன் என்ற பிறகுதான் ஐயாயிரம் இறங்கியது. "பில் வேண்டாம்னா வரி மிச்சம் சார்" என்று ஒரு தூண்டிலும் போட்டார். ஜிஎஸ்டி நம்பர் உள்ளவர் அந்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். கார் ஷெட்டில் கடைகிற எனக்கு அது முழுச் செலவு. ஆனாலும் பில்லோடுதான் வாங்கினேன். பிறகு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி பெட்டிக்குள் மரத்தூள் அடைத்து மோட்டார் நின்றபோது, பில்லைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த நாணயத்தை மறைக்கக் கூடாது.

கடைசியில் "எட்டு உளி ஃப்ரீ" என்றார். சாணையில் பிடித்த வேகத்தில் முனை நீலம் பாய்ந்துவிட்டது. வெறும் கார்பன் ஸ்டீல். நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, வேங்கைக் கட்டையில் இரண்டு இழுப்புக்குத் தாங்காது. ஹெச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல் உளி அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. எட்டுக்குப் பதில் ஹெச்எஸ்எஸ்ஸில் கிண்ணம் குடையும் உளி (பௌல் கௌஜ்) ஒன்றே ஒன்று கேளுங்கள், போதும். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை சக்கும் விலையில் சேராது. அதை வாங்குமுன், சக்கைத் திருகி மாட்டும் சுழல்தண்டின் (ஸ்பிண்டில்) மரையைக் கேளுங்கள். 1 இன்ச் விட்டத்தில் இன்ச்சுக்கு 8 மரை, இல்லாவிட்டால் 33 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்33 என்றால் சக் சுலபமாகக் கிடைக்கும். வேறு ஏதாவது சொன்னால் அடாப்டர் காசையும் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் எப்படி? குறை சொல்ல மனசு வராது. கடையிலேயே இரு பக்கமும் கூர்முனை மாட்டி நெருக்கிப் பார்த்தேன், மயிரிழை விலகல் இல்லை. இன்றும் இல்லை. கோடை மழையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்துக் கட்டை, ஒரு பக்கம் கனத்து ஆட்டம் போடும். குமிழைத் திருகி மெதுவாக ஓட்டி, உருண்டை ஆனபின் வேகம் ஏற்றினால் மெஷினின் அடிப்படுகை அசைவதே இல்லை. மரப் பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் செய்வதுபோல், சுழலும் வெட்பாலைக் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்திப் பார்த்தேன். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகிப் பிடித்தது, தாழை ஓலையால் தேய்த்ததும் வந்த பளபளப்பைப் பார்த்து வீட்டம்மாவே "இது கடையில வாங்கினதா?" என்றார்.

ஆனால் அந்த ஸ்டாப் பட்டன்! சுழல்தண்டு இருக்கும் இடப்பக்கத் தலைப்பகுதியின் (ஹெட்ஸ்டாக்) முகப்பில், சக்குக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தின் உட்புறம் குடையும்போது நான் வலப்பக்கம் நிற்பேன். உளி மாட்டிக்கொண்டாலோ கட்டை விரிசல் விட்டாலோ, சுழலும் விளிம்பைத் தாண்டிக் கையை நீட்டித்தான் நிறுத்த வேண்டும். கிண்ணம் உடைந்தால் துண்டு பறப்பதும் அந்த விளிம்புக்கு நேராகத்தான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எனக்கு இதே எரிச்சல். காந்தம் வைத்த சின்னப் பெட்டியில் இன்னொரு ஸ்டாப் பட்டன் போட்டு, ஒயர் இழுத்து எதிர்முனையில் டெயில்ஸ்டாக் பக்கம் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. எஸ்.பி. ரோட்டில் சல்லிசாகக் கிடைக்கிற சாமான்தான். நாமே பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்கிறார் கடைக்காரர். சரி, நீங்களே மாட்டிக் கொடுங்கள் என்றால் "கம்பெனி டிசைன் சார் அது" என்கிறார். டிசைன் பண்ணினவர் ஒரு நாளாவது கிண்ணம் குடைந்திருப்பாரா?

ஆகவே தம்பி, 52-ஐ 48 ஆக்க மல்லுக்கட்ட வேண்டாம். 52-ஐயே கொடுங்கள், அந்த இன்னொரு ஸ்டாப் பட்டனை அவர்களே மாட்டி, வாரண்டி பாதிக்காது என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால், 40-க்கு இறங்கினாலும் வாங்காதீர்கள்.