8 ஜிபி லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின்: டெபியனிலேயே தங்கிவிட்ட கதை

விர்ச்சுவல் மெஷினுக்கு (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், சுருக்கமாக விஎம்) லைட்டான லினக்ஸ் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பப்பி, ஆன்டிஎக்ஸ், டைனி கோர், லுபுண்டு. இதில் பாதி பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கப் பிறந்தவை. விஎம் பழைய கம்ப்யூட்டர் இல்லையே. ப்ராசஸர் நல்ல ப்ராசஸர், டிஸ்க் எஸ்எஸ்டி, வைஃபை கார்டு கிடையாது, பிரிண்டர் கிடையாது. பஞ்சம் ராமுக்கு மட்டும்தான். அந்த ராமைத் தின்பது பெரும்பாலும் டெஸ்க்டாப்பும் அதற்குள் திறக்கிற பிரவுசரும்தான், டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) பெயர் இல்லை.

என் நிலவரத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துமா பாருங்கள். தக்கலை பக்கம் வீட்டிலிருந்தே வேலை. கடைகளுக்கு வெப்சைட், ஒன்றிரண்டு சபைகளுக்குக் குடும்ப டைரக்டரி, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். டாலி வேண்டும் என்பதால் விண்டோஸை விட முடியாது, அதன்மேல் விஎம் ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ். விண்டோஸ், குரோம், டாலி மூன்றும் எடுத்துக்கொண்டது போக விஎம்முக்கு நிம்மதியாகக் கொடுக்க முடிவது 1 ஜிபி, இழுத்துப் பிடித்தால் 2 ஜிபி. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் கேட்பதே 4 ஜிபி, எனவே அது கணக்கிலேயே வரவில்லை. இதோடு நம்ம ஊர் மழையும் சேரும். இடவப்பாதியிலும் (ஜூன் மழை) பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். ரப்பர் மரம் லைனில் சாய்ந்தால் கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும் (ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்க அத்தனை காற்றாடி சுற்றுகிறது, இங்கே மெழுகுவர்த்தி). பிறகு போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. ஆக எனக்கு லைட் என்றால் ராம் மட்டும் இல்லை, அப்டேட் எத்தனை எம்பி இழுக்கிறது என்பதும் சேர்த்துத்தான்.

இந்தக் கணக்கில் யாருக்கும் முதலில் பிடித்துப்போவது ஆல்பைன் என்ற லினக்ஸ். விர்ச்சுவல் மெஷினுக்கென்றே தனி ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) தருகிறார்கள், 60 எம்பி சொச்சம். செட்டப் ஸ்கிரிப்ட் நாலு கேள்வி கேட்டு முடித்துவிடும், பேக்கேஜ் இறக்குவது கண்ணிமைக்கும் வேகம். வெறும் வெப் சர்வர், புராக்ஸி மாதிரி ஒரே ஒரு வேலைக்கு என்றால் இன்றைக்கும் நான் அதைத்தான் போடுவேன். தினசரி வேலைக்கு வைத்துக்கொண்டபோதுதான் உரசல் ஆரம்பித்தது. ஆல்பைன், பெரும்பாலான லினக்ஸ்கள் நம்பியிருக்கும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியை விட்டுவிட்டு மஸ்ல் என்ற சின்ன லைப்ரரியில் ஓடுகிறது. வெளியிலிருந்து இறக்கிய ரெடிமேட் பைனரியை (ஏற்கனவே கம்பைல் செய்த புரோகிராமை) ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். ஃபைல் கண்ணுக்கு நேரே இருக்கும், ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையை அடித்தால் காட்டும், ஆனால் இல்லை என்று சாதிக்கும். இல்லாதது ஃபைல் இல்லை, அந்த ஃபைல் தேடுகிற, புரோகிராமை ஏற்றிவிடும் ஜிலிப்சி லோடர். பைத்தானிலும் மஸ்லுக்கான வீல் (தயார் நிலைப் பொதி) இல்லாத பேக்கேஜ் என்றால் பிப் என்ற இன்ஸ்டாலர் உட்கார்ந்து கம்பைல் செய்யும், 1 ஜிபி ராமில் அது முடியும்வரை ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் தமிழ். சபை டைரக்டரிக்கு ஊர் வாரியாகப் பட்டியலை ஸ்கிரிப்டிலேயே அடுக்குகிறேன். குலசேகரம், குழித்துறை, குளச்சல் என்று வர வேண்டும், நம் அகரவரிசையில் ழ முடிந்துதான் ள. ஆல்பைனில் சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) அடித்தால் குளச்சல் முன்னே, குழித்துறை பின்னே. யூனிகோடில் ள-வின் எண் ழ-வுக்கு முந்தியது, மஸ்ல் அந்த எண்ணைப் பார்த்து மட்டுமே அடுக்கும், லோக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) எதை வைத்தாலும் மாறாது. டெபியனில் தமிழ் லோக்கேலை உருவாக்கி வைத்துவிட்டால் அதே சார்ட் சரியான வரிசையில் கொடுக்கிறது. மரியாடிபி மாதிரி டேட்டாபேஸ்கள் தங்கள் சொந்த கொலேஷனை (அடுக்கும் விதியை) வைத்துக்கொள்ளும், அந்தக் கதை வேறு. வெறும் ஃபைல்களை வைத்து வேலை செய்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டியல் அச்சுக்குப் போன பிறகு யாராவது கண்டுபிடித்தால் சங்கடம்.

டெபியனின் நெட்இன்ஸ்ட் (மீதியை நெட்டிலிருந்து இறக்கும்) ஐஎஸ்ஓ முக்கால் ஜிபி பக்கம் வரும், அது ஒரு தடவை செலவு. இன்ஸ்டாலர் கடைசியில் எதெல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டும். அங்கே டெஸ்க்டாப் டிக்கையெல்லாம் எடுத்துவிட்டு எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழையும் வழி) சர்வரையும் ஸ்டாண்டர்ட் யூட்டிலிட்டியையும் மட்டும் விடுங்கள். பூட் ஆகிச் சும்மா நிற்கும்போது 200 எம்பிக்குக் கீழேதான் காட்டுகிறது. அப்பாச்சி, பிஹெச்பி, மரியாடிபி ஏற்றியும் 1 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. அப்புறம் பேக்கேஜ் இறக்கும் ஆப்ட்டில் ரெக்கமெண்ட்ஸை (பரிந்துரை பேக்கேஜ்களை) ஆஃப் செய்துவிடுங்கள், ஒன்று கேட்டால் பத்து இறக்கும் பழக்கம் நின்றுவிடும். ஸ்டேபிள் பதிப்பு என்பதால் பெரும்பாலும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான் வருகிறது, ஹாட்ஸ்பாட்டில் தாங்கும்.

விஎம் ஜன்னலை நான் திறப்பதே இல்லை, ஹெட்லெஸ்ஸாக ஓடும். விர்ச்சுவல்பாக்ஸின் நேட் நெட்வொர்க்கில் 2222 போர்ட்டை உள்ளே 22-க்குத் திருப்பிவிட்டு விண்டோஸிலிருந்து எஸ்எஸ்ஹெச். ஸ்கிரீனே வேண்டாம் என்பதால் விஎம்முக்குள் போடும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸும் வேண்டாம். அதற்காகக் கர்னல் ஹெடர், கம்பைலர் என்று இறக்குகிற சுமையும் இல்லை. தமிழையும் விண்டோஸ் பக்கத்து எடிட்டரில் பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸின் கறுப்பு கன்சோலில் தமிழைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அதில் மல்லுக்கட்ட வேண்டாம். விஎஸ் கோட் எடிட்டரை ரிமோட்டாக இணைப்பவர்கள் மட்டும் கவனம், அதன் சர்வர் விஎம்முக்குள்தான் ஓடும், சில நூறு எம்பியை விழுங்கும்.

கரண்ட் போனால் என் லேப்டாப் பாட்டரி ரொம்ப நேரம் நிற்காது. 1 ஜிபி விஎம் என்றால் சேவ் ஸ்டேட் (இருந்த நிலையிலேயே சேமித்து நிறுத்துவது) கொடுத்த உடனே முடிகிறது. இதில் ஒரு சின்னத் தொல்லை: மறுநாள் எழுப்பினால் விஎம்மின் கடிகாரம் நேற்றிலேயே நிற்கும், ஆப்ட் அப்டேட் கொடுத்தால் ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லாது என்று முரண்டு பிடிக்கும். நேரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்க்டியை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது.

டெஸ்க்டாப் வேண்டியே தீரும் என்றால் இதே டெபியன் மேல் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பை ஏற்றிக்கொள்ளுங்கள், அரை ஜிபி பக்கம் எடுக்கும், 2 ஜிபி கொடுங்கள். தமிழ் எழுத்துருவைத் தனியாகப் போட வேண்டும், லோஹித் தமிழ் போதும். லுபுண்டுவும் மோசமில்லை, நீண்டகாலப் பதிப்புக்கே ஆதரவு மூன்று வருடம்தான் என்பது எனக்குக் குறை. ஆன்டிஎக்ஸ் உண்மையிலேயே சுறுசுறுப்பு, உங்களிடம் நிஜமான பழைய லேப்டாப் இருந்தால் அதில் போடுங்கள். பப்பியும் டைனி கோரும் ராமுக்குள் ஏறி ஓடுகிறவை. செய்த மாற்றத்தைச் சேமிப்பதற்கே அவற்றுக்கென்று தனி முறை உண்டு, வேலைக்கு வைத்துக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை.

எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் இரண்டு விஷயம் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழே பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அதை அணைக்கும்வரை எந்த லினக்ஸும் மெதுவாகத்தான் இருக்கும், டிஸ்ட்ரோவைத் திட்டிப் பயனில்லை. இன்னொன்று டிஸ்க். விஎம்மின் டிஸ்க்கான டைனமிக் விடிஐ ஃபைல் வளரும், உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது. நான் அவ்வப்போது உள்ளே ஆப்ட் கேஷைச் சுத்தம் செய்து, டிஸ்க்கை ரீட்-ஒன்லியில் வைத்து காலி இடத்தை ஜீரோவால் நிரப்பும் ஜீரோஃப்ரீ ஓட்டி, விஎம்மை அணைத்துவிட்டு விண்டோஸ் பக்கமிருந்து காம்பாக்ட் (சுருக்கும் கட்டளை) கொடுக்கிறேன். அதற்கு நேரம் பிடிக்கும், கரண்ட் நிலையாக இருக்கிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.