வீல்சேர் சின்னத்தை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்

டிக்கெட் செயலியில் தியேட்டர் பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு வீல்சேர் படம் இருக்கும். அதைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். லிஃப்ட் இருக்கிறது, லாபி வரை போகிறது. அரங்கக் கதவைத் திறந்தால் எதிரே படிக்கட்டு. 'நாலு பசங்களை விட்டுத் தூக்கிடலாம் சார்' என்பார்கள்.

தூக்க விடாதீர்கள். பல வீல்சேர்களில் கை வைக்கும் பட்டையும் கால்தாங்கியும் கழற்றி மாட்டும் வகை. அவசரத்தில் அதைப் பிடித்துத் தூக்கினால் அது மட்டும் கையோடு வரும், உட்கார்ந்திருப்பவர் சரிவார். வேறு வழியே இல்லையென்றால் பின்னால் தள்ளும் பிடியையும் முன்பக்கச் சட்டத்தையும் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். மோட்டார் வீல்சேரை ஆளோடு தூக்கவே கூடாது.

'ராம்ப் இருக்குங்க' என்ற பதிலும் போதாது. 15 செ.மீ. உயரத்தில் 6 படி என்றால் மொத்தம் 90 செ.மீ. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற சரிவில் அதற்குக் கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். 3 மீட்டர் இரும்புத் தகட்டைச் சாய்த்துவைத்திருந்தால் அது ராம்ப் அல்ல, சறுக்குமரம். கதவிலும் பாருங்கள்: இரட்டைக் கதவில் ஒன்றைத் தாழிட்டு வைத்திருந்தால் மீதி வழியில் வீல்சேர் நுழையாமல் போகலாம்.

பெரும்பாலோர் கேட்க மறப்பது வெளியே வரும் வழி. உள்ளே லிஃப்டில் விடுவார்கள். படம் முடிந்ததும் கூட்டத்தைத் திரைக்குப் பக்கத்துக் கதவு வழியாகப் படிக்கட்டில் இறக்குவார்கள். வந்த கதவு அதற்குள் பூட்டியாயிற்று. இரவுக் காட்சியென்றால் மாலின் லிஃப்டும் நின்றிருக்கும்.

ஆகவே பணம் கட்டுமுன் தியேட்டருக்கே போன் செய்யுங்கள். செயலியின் உதவி எண்ணில் இருப்பவருக்கு அந்தக் கட்டடமே தெரியாது. எந்த ஸ்கிரீன், கார் நிறுத்துமிடத்திலிருந்து இருக்கை வரை எத்தனை படி, திரும்பி வரும் வழி எது, துணைக்கு வருபவர் பக்கத்திலேயே உட்கார முடியுமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள், முடிந்தால் அரங்க வாசலின் படத்தோடு. ஒரே வளாகத்தில் ஸ்கிரீன் 1-இல் வீல்சேர் போகும், 4-இல் போகாது. கூட்டம் குறைந்ததும் படத்தைச் சின்ன அரங்குக்கு மாற்றுவது வழக்கம், அதனால் கிளம்புமுன் இன்னொருமுறை கேளுங்கள். முதல் வரிசைக்கு முன்னால் ஓரமாக நிறுத்துவதை 'வீல்சேர் இடம்' என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

ஏமாந்தாயிற்றா? செயலியில் அந்தச் சின்னம் தெரியும் ஸ்கிரீன்ஷாட், டிக்கெட், படிக்கட்டின் படம் மூன்றையும் அன்றே எடுத்துவையுங்கள். பணத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வசதி இல்லாததற்கு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக்கட்டடம் என்பதில் மக்கள் வந்துபோகும் தனியார் பொழுதுபோக்கு இடமும் அடக்கம். பழைய கட்டடங்களுக்குக் கொடுத்த 5 ஆண்டு அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்தவற்றுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம்.

புகாரில் 'வசதி சரியில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் 'உதவிக்கு ஆள் வைத்திருக்கிறோம்' என்று ஒரு பதிலில் முடித்துவிடுவார்கள். 'ஸ்கிரீன் 3, வாசலிலிருந்து இருக்கை வரை 8 படி, சாய்தளம் இல்லை, வெளியேறும் வழியில் 22 படி' என்கிற மாதிரி எண்ணி எழுதுங்கள்.