வெளிச்சுவரில் யு.ஜி. கேபிள்: உடைப்பதா, துளைப்பதா, மண்ணுக்கடியில் போவதா?

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் ஒரு மூன்று மாடிக் கடைக் கட்டடம். மீட்டரும் ஜெனரேட்டரும் வெளியே நாலடிச் சந்தில். மெயின் பேனல் உள்ளே, படிக்கட்டை ஒட்டிய அறையில். நடுவில் 9 அங்குலச் செங்கல் சுவர்; கேபிள் இதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கேபிள் 3.5 கோர் (மூன்று முழுக் கம்பி, நியூட்ரலுக்கு ஒரு பாதிக் கம்பி), 70 சதுர மி.மீ. அலுமினியம், ஆர்மர் என்கிற இரும்புப் பட்டைக் கவசம் போட்ட எக்ஸ்.எல்.பி.இ. (ஒருவகை பிளாஸ்டிக் காப்பு) ரகம், நம் பக்கத்து வயர்மேன் பேச்சில் யு.ஜி. (மண்ணுக்கடியில் போடும்) கேபிள். "ஒரு ஓட்டைதானுங்களே, கொத்தனாரை விட்டுத் தட்டிடலாம்" என்றார் உரிமையாளர்.

தட்டலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன். உளி, சுத்தியல், அரை நாள் கூலி, அவ்வளவுதான் செலவு. மூன்றங்குல ஓட்டை கேட்டால் வெளிப்பக்கம் ஆறங்குலம் பெயர்ந்து வரும். அதைச் சிமென்ட் பூசி மூடிவிடுவார்கள். பார்வைக்குக் குறை தெரியாது. ஆனால் கேபிளின் மேலுறை பி.வி.சி.; சிமென்ட் அதோடு ஒட்டிப் பிடிக்காது. வெயிலில் கேபிள் விரிந்து சுருங்கும்போது சுற்றிலும் மயிரிழை இடைவெளி விழுந்துவிடும். மழைநீருக்கு அது போதும்.

பழையபேட்டைப் பக்கம் ஒரு கடையில் பட்டேன். கேபிள் மாடியிலிருந்து இறங்கி நேராக ஓட்டைக்குள் போனது. ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிளையே வாய்க்காலாகப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் நுழைந்து பேனலின் மேல்தட்டில் சொட்டியது. உள்ளே மின்சாரம் ஓடும் செம்புப் பட்டையான பஸ்பார் பச்சை பூத்துக் கிடந்ததைப் பார்த்த அன்று உளியை மூட்டை கட்டினேன். இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு கேபிள் வேண்டுமென்றால் மறுபடி உடைக்க வேண்டும். ஓட்டை சின்னதாகப் போனால் மேலுறையைச் சீவிவிட்டு வெறும் ஆர்மரோடு நுழைக்கிற கைகாரர்களும் இருக்கிறார்கள். மேல்தோல் போன இடத்தில் துத்தநாகப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? துரு நேரே இரும்புப் பட்டையில் உட்காரும். தகரக் கொட்டகை, தற்காலிகக் கடை என்றால் உளி வழி போதும். நிரந்தரக் கட்டடத்துக்கு வேண்டாம்.

அடுத்தது கோர் கட்டிங். வைரப் பல் வைத்த உருளை, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சுவரை வட்டமாக அறுத்தெடுக்கும். சுவர் அதிராது, ஓட்டை அச்சு வார்த்ததுபோல் வரும். இந்த 70 சதுர மி.மீ. கேபிளின் வெளிவிட்டம் சுமார் 35 மி.மீ. அதற்கு 90 மி.மீ. பி.வி.சி. பைப்பை ஸ்லீவாக, அதாவது கேபிளுக்கு உறைக்குழாயாகப் போட நாலங்குலத் துளை. கூலி அதிகம்தான், ஓசூரிலிருந்து மிஷின் வரவேண்டுமென்றால் ஒரு நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் இந்த மிஷினைச் சாய்த்து வைக்கலாம். துளை உள்ளிருந்து வெளியே அரை அங்குலம் தாழ்ந்து வரட்டும். பைப்புக்குள் புகுந்த தண்ணீர் தானே வெளியே வடியும். உளிக்காரரிடம் இந்தச் சரிவைக் கேட்டால் சிரிப்பார். தூண், பீம் இருக்கும் இடத்தில் மட்டும் மிஷினை வைத்துவிடாதீர்கள். அது கம்பியையும் சேர்த்து அறுத்துவிடும்.

புத்தகக்காரர்கள் விரும்புவது மூன்றாவது வழி: மண்ணுக்கடியில் வந்து அஸ்திவாரம் வழியாக நுழைவது. கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1255 தாழ்வழுத்த (குறைந்த வோல்டேஜ்) கேபிளுக்கு 75 செ.மீ. ஆழம் சொல்கிறது. நம் மண்ணில் இரண்டடி போனதுமே கடப்பாறை 'டங்' என்று நிற்கிற இடங்கள் ஏராளம். அடியில் பாறை, அஸ்திவாரமோ சைஸ் கல். கல்லை உருவாமல் பைப் போகாது, உருவினால் எஞ்சினியர் விடமாட்டார். மழைக்காலத்தில் வெளிச் சேம்பர் (கேபிள் இறங்கும் குழித்தொட்டி) நிரம்பினால் பைப் வழியாகத் தண்ணீர் உள்ளே கேபிள் ஓடும் டிரெஞ்சுக்கே (பள்ளம்) வந்து சேரும்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் இந்த வழி மற்றதைத் தோற்கடிக்கும். இந்த ரகக் கேபிளை அதன் விட்டத்தின் 12 மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக்கூடாது. 35 மி.மீ.க்கு 420 மி.மீ., கிட்டத்தட்ட ஒன்றரை அடி. சுவரோடு ஒட்டி வந்து சட்டென்று உள்ளே திரும்ப முடியாது. வில் மாதிரி வெளியே பிதுங்கித்தான் திரும்பும். நாலடிச் சந்தில் அது பைக் ஹேண்டில் இடிக்கிற உயரத்தில் இருந்தால் வம்பு. மண்ணுக்கடியில் அந்த வளைவு யார் கண்ணிலும் படாது. புதுக் கட்டடம் என்றால் அஸ்திவாரம் போடும்போதே இரண்டு மூன்று பைப்பைப் புதைத்துவிடுங்கள். அப்போது மூன்றாவது வழிதான் முதல் வழி.

ஸ்லீவுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கெட்டி, எலி கடிக்காது. எல்லாக் கோரும் ஒரே உறைக்குள் இருக்கும் மல்டி கோருக்குத் தாராளமாகப் போடலாம். பெரிய ஜெனரேட்டரிலிருந்து ஒவ்வொரு பேஸும் தனித்தனி சிங்கிள் கோர் கேபிளாக வருகிறதென்றால் தனித்தனி இரும்புப் பைப் கூடவே கூடாது. ஒற்றைக் கேபிளின் காந்தப்புலம் சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்கும்; லோடு ஏறினால் பைப்பைத் தொட முடியாது. சிங்கிள் கோர் கேபிளுக்கு ஆர்மரே அலுமினியத்தில் வருவது இதனால்தான். மூன்று பேஸும் நியூட்ரலும் ஒரே துளையில் போகட்டும், அல்லது பி.வி.சி. போடுங்கள்.

அடைப்புக்கு பி.யு. ஃபோம் (ஊதிப் பெருகும் நுரை) அடிப்பது இப்போது ஃபேஷன். ஒரே நிமிஷ வேலை. தீப்பிடித்தால் எரியும், எலியும் குடையும். பைப்பைச் சுற்றிச் சுவரோடு கிரௌட் (இறுகும் நிரப்புக் கலவை). பைப்புக்கும் கேபிளுக்கும் நடுவே ராக்வூல் (எரியாத பாறைப் பஞ்சு) திணித்து, இரு முனையிலும் தீயடைப்பு சீலன்ட். அதுதான் என் கணக்கு.

இந்தக் கட்டடத்துக்கு கோர் கட்டிங் என்று முடிவு செய்தோம். துளை எட்டடி உயரத்தில்; பிதுங்கும் வளைவு தலைக்கு மேலே போய்விடும். கேபிள் கீழிருந்து ஏறி நுழைவதால் தண்ணீர் துளைக்கு எதிர்த்திசையில் கீழேயே ஓடும், தண்ணீர் சொட்டத் தனியாகத் தொங்கல் விட வேண்டாம். உள்ளே டிரேயில் இறக்கிப் பேனலுக்கு அடியிலிருந்து, கேபிளை இறுகப் பிடிக்கும் கிளாண்ட். ஆர்மர் இரு முனையிலும் எர்த். அதை மட்டும் நம்பாமல் தனி எர்த் பட்டையும் ஓடுகிறது. பக்கத்திலேயே இன்னொரு 90 மி.மீ. பைப்பும் போட்டு இரண்டு பக்கமும் மூடி மாட்டச் சொன்னேன். "இது எதுக்குங்க, சும்மா?" என்றார் உரிமையாளர். "மூணாவது மாடியில ஏ.சி. போடுவீங்கல்ல, அன்னைக்கு" என்றேன்.