மாவட்டவாரிப் பயிர் வரைபடம்: அரசுத் தரவும் கியூஜிஐஎஸ்ஸும் கைகொடுக்கும் இடம், காலைவாரும் இடம்

தமிழ்நாட்டுப் பயிர் உற்பத்தியை மாவட்டவாரியாக வரைபடத்தில் காட்டக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் உள்ள 1997 முதலான பயிர் உற்பத்திக் கோப்பு, மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் தரும் பருவம்-பயிர் அறிக்கை, மாவட்ட எல்லைகளைக் கொண்ட ஒரு வரைபடக் கோப்பு, இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) ஆகிய நான்கும் போதும். மென்பொருளைக் குறை சொல்ல அதிகம் இல்லை. நேரத்தைத் தின்பது தரவுதான்.

முதல் ஆபத்து அலகு. மத்தியக் கோப்பில் தேங்காய் எண்ணிக்கையிலும், பருத்தி 170 கிலோ பேல்களிலும் (பொதிகளிலும்), மற்றவை பெரும்பாலும் டன்னிலும் இருக்கும். மூன்றும் ஒரே ‘உற்பத்தி’ நெடுவரிசையில், எது என்ன அலகு என்ற குறிப்பே இல்லாமல்! எல்லாவற்றையும் கூட்டி ‘மொத்த உற்பத்தி’ போட்டால் தென்னை மாவட்டங்கள் டெல்டாவை விழுங்கிவிடும். பயிர்களைக் கூட்டவே கூடாது; கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பரப்பளவைக் கூட்டுங்கள். நெல்லுக்கு அங்கே இருப்பது அரிசிக் கணக்கு. கொள்முதல் செய்திகளில் வருவது நெல். நெல்லை அரைத்தால் கிடைக்க வேண்டிய அரிசிக்கு அரசு வைத்திருக்கும் அளவு பச்சரிசிக்கு நெல் எடையில் 67 விழுக்காடு, புழுங்கலுக்கு 68. இதை மறந்து ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் காணாமல் போனதுபோலத் தெரியும்.

பருவப் பெயர்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நீக்காமல் (‘டிரிம்’ செய்யாமல்) வடிகட்டினால் ஒரு வரிகூட வராது. ஆண்டும் நாட்காட்டி ஆண்டு அல்ல, ஜூலை முதல் ஜூன் வரை. 2010 என்றிருந்தால் 2010-11 என்று படிக்க வேண்டும்.

அடுத்தது எல்லை. 2011 கணக்கெடுப்பு வரைபடத்தில் 32 மாவட்டங்கள், இன்று 38. தென்காசியைத் திருநெல்வேலியோடும், கள்ளக்குறிச்சியை விழுப்புரத்தோடும், மயிலாடுதுறையை நாகையோடும் மீண்டும் கூட்டிவிடலாம். செங்கல்பட்டு காஞ்சிபுரத்துக்கும், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூருக்கும் போகும். சிக்கல் திருப்பூர். 2009-இல் கோவை, ஈரோடு இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்தது என்பதால் அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட மூன்றையும் ஒரே துண்டாக்குவதைத் தவிர நேர்மையான வழி இல்லை. எல்லைக் கோப்பில் ‘பழைய மாவட்டம்’ என்றொரு புலம் (நெடுவரிசை) சேர்த்து, ஒரே மதிப்புள்ள துண்டுகளை ஒன்றாக்கும் ‘டிஸ்ஸால்வ்’ கட்டளையைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பயிர்த் தரவை எல்லைக் கோப்போடு இணைக்கும்போது மாவட்டப் பெயரை நம்பாதீர்கள். ஒரு கோப்பில் டூட்டிகோரின், மற்றொன்றில் தூத்துக்குடி; நீலகிரிக்கு முன்னால் ஓரிடத்தில் ‘தி’ இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. கணக்கெடுப்பு மாவட்ட எண்ணை (திருவள்ளூர் 602 முதல் திருப்பூர் 633 வரை) இரு பக்கமும் போட்டு இணைப்பதே பாதுகாப்பு. இணைத்த பிறகும் வண்ணப் பட்டியலில் உற்பத்திப் புலம் தென்படவில்லையா? ‘1,23,456’ என்று காற்புள்ளியோடு வந்த எண்ணை மென்பொருள் எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கும். காற்புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

விளைதிறனில், அதாவது ஹெக்டேருக்கு எத்தனை டன் என்ற கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குறுவை 10,000 ஹெக்டேரில் ஹெக்டேருக்கு 4 டன், சம்பா 90,000 ஹெக்டேரில் 2 டன் என்று வையுங்கள். இரண்டின் சராசரி 3 அல்ல, 2.2. மொத்த உற்பத்தியை மொத்தப் பரப்பால் வகுத்தே எடுக்க வேண்டும். பரப்பு 100 ஹெக்டேருக்கும் கீழே உள்ள மாவட்டத்துக்கு விளைதிறன் நிறமே கொடுக்காமல் விடுவது நல்லது. இந்த எண்கள் பயிர் அறுவடைச் சோதனையிலிருந்து வருபவை; நெல்லுக்கு 5×5 மீட்டர் துண்டுகளை அறுத்து எடை போடுகிறார்கள். துண்டுகள் சிலவே என்றால் எண் ஆண்டுக்கு ஆண்டு குதிக்கும். இதே காரணத்தால் ஒன்றியம், கிராமம் என்று கீழே இறங்கி இந்தத் தரவை நீட்டுவது வீண்.

நிறங்களுக்கு எண்களைப் பிரிக்கும்போது சம இடைவெளி வேண்டாம். தஞ்சை, திருவாரூர் மேலே நிற்க, பாதி மாநிலம் ஒரே நிறத்தில் படுத்துவிடும். ஒரே ஓர் ஆண்டு என்றால், ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் மாவட்டங்களைத் தரும் ‘குவான்டைல்’ முறை போதும். பல ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதானால் வரம்புகளைக் கையால் எழுதி எல்லா வரைபடத்துக்கும் அதையே பூட்டுங்கள். தரவு இல்லாத மாவட்டத்துக்குச் சாம்பல் நிறம், சுழியத்துக்கு வெள்ளை. எக்செல்லில் திருத்தும் கோப்பை யூடிஎஃப்-8 சிஎஸ்வியாக (தமிழ் எழுத்துகளைக் காக்கும் ‘CSV UTF-8’ வடிவில்) சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறி வரும்.